எட்டரையால் பெருக்காத எண்

ஏப்ரல் 6

மண்ணாங்கட்டிக்கு,

மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிற நாத்தனாரை வேறு எப்படிக் கூப்பிடுவதாம்? முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் மேலே படி.

போனில் பேசினால் "சரி அண்ணி, சரி அண்ணி" என்று வைத்துவிடுகிறாய். இங்கே தோப்பில் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்றால்தான் டவர் கிடைக்கிறது. இந்த உடம்பை வைத்துக்கொண்டு தொட்டி மேல் ஏறி நின்று நான் உன்னோடு கத்தினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அதனால்தான் கடிதம். தவிர, எனக்கு உன்னிடமிருந்து எழுத்தில் ஒன்று வேண்டும்.

ஜனவரியில் நட்ட எலுமிச்சைக் கன்றுகள் போய்விட்டன. இருநூற்று நாற்பதில் நூறுகூடத் தேறாது. முதலில் இலை நுனி பழுப்பானது. பிறகு ஓரமெல்லாம் தீயில் காட்டி எடுத்தது மாதிரி கருகி, இலை முழுக்கக் கொட்டி, குச்சியாக நிற்கிறது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன், தண்ணீருக்குக் குறை வைக்கவில்லை. நோய் பிடித்த கன்றை என் தலையில் கட்டிவிட்டார் நர்சரிக்காரர்.

சும்மா விடுவேனா? போன ஞாயிற்றுக்கிழமை, கன்று வாங்கக் கூட்டம் வருகிற நேரமாகப் பார்த்து, செத்த கன்றுகளில் நாற்பதைப் பிடுங்கிக்கொண்டு போய் அவர் நர்சரி வாசலில் வரிசையாகப் படுக்க வைத்தேன். "என்னம்மா இது?"ன்னு கேட்டார். "நீங்க வித்த பிணம்"னு சொன்னேன். டிசம்பரில் நீ கையெழுத்துப் போட்டு அனுப்பிய தாளை எடுத்து, "உப்பு இல்லை, கன்று நடத் தகுந்த மண்" என்கிற வரியை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி இரண்டு தடவை படித்தேன். நாற்பது பேராவது நின்றிருப்பார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். அந்த மனிதர் முகத்தில் ஈ ஆடவில்லை. வாங்க வந்தவர்களில் பாதிப் பேர் கன்றைத் திரும்பக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

உன் அண்ணன் லாரியோடு போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. அவர் வேண்டாம் என்று சொன்னதை மீறி நான் நட்ட தோப்பு இது, தெரியும் அல்லவா? அவர் வருவதற்குள் தவறு யாருடையது என்பது தாளில் இருக்க வேண்டும். செத்த கன்று ஒன்றை வேர் மண்ணோடு பஸ்ஸில் அனுப்பியிருக்கிறேன். பரிசோதித்து, மண் நல்ல மண், கோளாறு கன்றில்தான் என்று அலுவலக முத்திரையோடு எழுதிக் கொடு.

உன் அண்ணி


ஏப்ரல் 15

அன்புள்ள அண்ணிக்கு,

கன்று பத்தாம் தேதி வந்து சேர்ந்தது. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, வேலை அதிகம்.

நீங்கள் கேட்ட கடிதத்தை உடனே கொடுக்க முடியவில்லை. அதற்கு முன் சில விஷயங்கள் தெரிய வேண்டும். காலையில் பார்த்தால் கன்றின் அடியில் மண்மேல் வெள்ளையாக எதுவும் பூத்திருக்கிறதா? தண்ணீர் விட்டால் உடனே இறங்குகிறதா, தேங்கி நிற்கிறதா? எந்தத் தண்ணீர் விடுகிறீர்கள்? உரம் ஏதாவது போட்டீர்களா? மண்ணைக் கிளறினால் புழு தென்படுகிறதா? போர்த் தண்ணீர் ஒரு பாட்டிலில் பிடித்து அனுப்புங்கள்.

நர்சரிக்காரரிடம் இனிமேல் எதுவும் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவரிடம் தவறு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கன்று கருகுவதற்குப் பல காரணங்கள் உண்டு. கொஞ்சம் பொறுங்கள்.

அண்ணன் எப்போது வருகிறார்? உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெயில் அதிகம்.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 21

மண்ணாங்கட்டிக்கு,

நான் ஒரு தாள் கேட்டால் நீ கேள்வித்தாள் அனுப்புகிறாய். என்ன பூசி மெழுகுகிறாய் என்று தெரியவில்லை. சரி, கேட்டாய் அல்லவா, வாங்கிக்கொள்.

வெள்ளை பூக்கிறது. மாவு சிந்தின மாதிரி இருக்கிறது. நான் போட்ட உரம்தான் மேலே வந்து நிற்கிறது என்று நினைத்தேன். ஆமாம், உரம் போட்டேன், கன்று வாடினதும் இரண்டு மடங்காகப் போட்டேன், பிள்ளை இளைத்தால் யாராவது சோற்றைக் குறைப்பார்களா? தண்ணீர் தேங்கித்தான் நிற்கிறது. காய்ந்தால் தட்டு மாதிரி இறுகி வெடிக்கிறது. போர்த் தண்ணீர்தான், தினமும் இரண்டு வேளை. வாயில் விட்டால் லேசாகக் கரிக்கும், ஆனால் மாடு குடிக்கிறது. புழுவா? மூன்று இடத்தில் தோண்டினேன். ஒன்றுகூட இல்லை. போதுமா?

இப்போது என் செய்தியைக் கேள். நர்சரிக்காரர் தானாகவே வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றேன். மனிதர் என்னைத் தாண்டிப் போய்த் தோப்பு முழுக்க நடந்தார். ஒவ்வொரு கன்றாகக் குனிந்து பார்த்தார். அப்புறம், "மண்ணைப் பரிசோதிச்ச தாளைக் கொஞ்சம் காட்டுங்கம்மா"ன்னு கேட்டார். கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார், திரும்பப் படித்தார்.

"மண்ணுல உப்பு ஏறின மாதிரிதான் எனக்குத் தோணிச்சு. ஆனா தாள்ல இல்லைன்னு போட்டிருக்கு. படிச்சவங்க பார்த்து எழுதினது. அப்போ கோளாறு என் கன்னுலதான் இருக்கணும்"னு சொன்னார்.

பார்த்தாயா! அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டார். எனக்கு மட்டுமில்லையாம், இன்னும் இரண்டு பேர் தோட்டத்திலும் அவரிடம் வாங்கிய கன்று இதே மாதிரி கருகிவிட்டதாம். அவர்களும் உன் பரிசோதனைக் கூடத்தில் மண்ணைக் காட்டி நல்ல மண் என்று தாள் வாங்கியவர்கள்தான். மூன்று இடத்திலும் மண் நல்ல மண் என்றால் வேறு எது காரணம்? கன்றுக்குப் பதியம் எடுக்கிற தாய் மரங்களிலேயே ஏதோ நோய் இறங்கியிருக்கிறது என்று அவருக்குப் பயம் வந்துவிட்டது. போகும்போது கையெடுத்துக் கும்பிட்டு, "தெரியாம நடந்துடுச்சும்மா"ன்னார். மாற்றுக் கன்று அறுபது கொண்டுவந்து தானே நட்டும் கொடுத்துவிட்டுப் போனார்.

அவரே ஒப்புக்கொண்ட பிறகு உனக்கு என்ன தயக்கம்? முத்திரையைக் குத்தி அனுப்பு.

உன் அண்ணி


மே 9

அண்ணி,

இந்தக் கடிதத்தை ஏப்ரல் பத்தாம் தேதியே எழுதியிருக்க வேண்டும். ஐந்து தடவை எழுதிக் கிழித்தேன். பதினைந்தாம் தேதியிட்டு உங்களுக்கு வந்தது, கிழித்ததற்குப் பதிலாக எழுதியது.

தவறு என்னுடையது. உங்கள் மண் உப்பு மண். கன்று நடக் கூடாத மண்.

எப்படி என்று சொல்கிறேன், சாக்குச் சொல்வதற்காக இல்லை. நாங்கள் மண்ணில் ஐந்து பங்கு தண்ணீர் கலந்து குலுக்கி, தெளிந்த பிறகு மீட்டரை வைத்துப் பார்ப்போம். மீட்டர் காட்டுவது அந்தத் தண்ணீரிலுள்ள உப்பின் அளவு. வேர் இருக்கிற இடத்தில் அவ்வளவு தண்ணீர் கிடையாது. அதனால் மீட்டர் சொன்ன எண்ணை மண்ணின் ரகத்துக்கு ஏற்றபடி பெருக்கி அடுத்த கட்டத்தில் எழுத வேண்டும். உங்கள் மண் களி கலந்தது, எட்டரையால் பெருக்க வேண்டும். பட்டியலைச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறோம். நான் பெருக்கவில்லை. மீட்டர் காட்டிய புள்ளி ஒன்பதை அப்படியே கடைசிக் கட்டத்தில் எழுதிவிட்டேன். உண்மையான எண் ஏழரைக்கும் மேல். இரண்டைத் தாண்டினாலே எலுமிச்சைக் கன்று திணறும்.

அன்றைக்கு வரிசையில் உங்கள் மண்ணுக்கு முன்னால் முப்பது மண் இருந்தது. நம் வீட்டு மண் என்று முன்னால் இழுத்துவிட்டேன். அதிகாரி கண்ணில் படாமல் இருக்க, எல்லாரும் போன பிறகு அன்றைய கட்டு முழுவதையும் அவசரமாகச் செய்தேன். அறிக்கையில் இரண்டு கையெழுத்து வேண்டும், பரிசோதித்தவர் ஒன்று, சரிபார்த்தவர் ஒன்று. இரண்டும் நானே போட்டேன். இதை எழுதும்போது கை கூசுகிறது அண்ணி.

நீங்கள் அனுப்பிய வேர் மண்ணைப் பத்தாம் தேதி பார்த்தேன். எண் எகிறியது. டிசம்பர் பதிவேட்டைப் புரட்டினேன், அந்தப் பக்கத்தில் எங்கேயும் பெருக்கல் இல்லை. பதிவேட்டை மூடி அலமாரியில் வைத்துவிட்டு மற்றவர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டே வீட்டுக்குப் போனேன். என் ஒப்பந்தம் ஜூன் மாதம் முடிகிறது, புதுப்பிக்க வேண்டும். அதிகாரியிடம் இன்னும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்வது அதைவிடப் பயமாக இருந்தது.

கன்று ஏன் செத்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். மண்ணில் ஈரம் இருந்தும் கன்றால் குடிக்க முடியவில்லை. உப்பு ஏறிய மண் தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்ளும். வளர்ந்த மரமாவது ஆழத்தில் வேரை விட்டுத் தேடும். கன்றுக்கு மேலே இருக்கிற ஒரு சாண் மண்தான் உலகம், உப்பும் அங்கேதான் வந்து நிற்கிறது. நீங்கள் விட்ட போர்த் தண்ணீரிலும் உப்பு. தண்ணீர் ஆவியாகிப் போனது, உப்பு தங்கிவிட்டது. உரமும் ஒருவகை உப்புதான். நீங்கள் பாசமாகச் செய்தது எல்லாமே அதற்கு மேலும் தாகமாக ஆகியிருக்கிறது. புழு இல்லை என்று எழுதியிருந்தீர்கள். புழு மட்டுமில்லை, மண்ணைப் பொலபொலவென்று வைத்திருக்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்களும் அந்த உப்பில் இருக்க முடியாது. அதனால்தான் மண் இறுகித் தட்டாகிறது.

உரத்தை இன்றே நிறுத்துங்கள். வாய்க்கால் வெட்டி வடிகால் விடுங்கள், மழைத் தண்ணீர் தேங்கி இறங்கி உப்பைக் கீழே கொண்டு போக வேண்டும். மண்ணை வெயிலில் வெறுமனே விடாமல் இலை தழையால் மூடி வையுங்கள். புதுக் கன்று எதுவும் இப்போது நட வேண்டாம். ஒரு வருடமாவது ஆகும்.

நர்சரிக்காரர் தாய் மரங்களை எதுவும் செய்துவிட வேண்டாம் என்று தயவுசெய்து அவரிடம் சொல்லுங்கள். அவர் கன்றில் ஒரு குறையும் இல்லை.

உங்கள் முகத்தில் விழிக்க எனக்குத் தைரியம் இல்லை.

நாத்தனார்


மே 14

மண் பரிசோதனைக் கூட உதவியாளர் அவர்களுக்கு,

தாய் மரங்கள் ஒன்பது. இரண்டாம் தேதியே வெட்டிவிட்டார். அடிமரத்தைக்கூட விடாமல் வேரோடு தோண்டி எடுத்துக் கொளுத்தினார், நோய் மண்ணில் தங்கிவிடக் கூடாது என்று. இருபத்திரண்டு வருட மரங்கள்.

உன் கடிதத்தில் தேதி மே ஒன்பது.

ஏப்ரல் பதினைந்தில் என் உடம்பைப் பற்றி விசாரித்தாய், வெயிலைப் பற்றி விசாரித்தாய். அந்தக் காகிதத்தில் ஒரு வரிக்கு இடம் இல்லாமல் போய்விட்டதா? "மண் சரியில்லை அண்ணி." மூன்று சொல். தொட்டி மேல் ஏறி நின்றாவது உன் போனை எடுத்திருப்பேன்.

உன்னைத் திட்ட நிறைய வைத்திருந்தேன். நேற்று முழுக்க மனதுக்குள் திட்டிக்கொண்டே தோப்பில் நடந்தேன். ஆனால் என் லட்சணத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

மரங்களை வெட்டிய மறுநாள் அவர் இங்கே வந்தார். கையெல்லாம் கீறல். "வெட்டிட்டேம்மா. இனி யாருக்கும் இந்தக் கஷ்டம் வராது"ன்னார். நான் அவரை உட்காரச் சொல்லவில்லை. ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை. "இப்பவாவது புத்தி வந்துதே"ன்னு சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

வெள்ளை பூத்ததை நான் பார்த்தேன். தண்ணீர் கரித்ததும் எனக்குத் தெரியும். இது உப்பு நிலம் என்று நான் கன்று வாங்கும்போதே உன் அண்ணன் சொன்னார். "தாளைப் பாருங்க, உங்க தங்கச்சி போட்ட கையெழுத்து"ன்னு அவர் வாயை அடைத்தேன். என் கண்ணால் பார்த்ததை நம்பாமல் தாளை நம்பினேன், ஏனென்றால் தாள் எனக்குச் சாதகமாக இருந்தது.

இப்போது நர்சரிக்காரரிடம் யார் போய்ச் சொல்வது?

அண்ணி


மே 22

அண்ணி,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில்தான் பிரித்தேன். இரண்டாம் தேதி என்பதைப் படித்ததும் எழுந்து அதிகாரியின் அறைக்குப் போய்விட்டேன். யோசித்தால் திரும்பி வந்துவிடுவேன் என்று பயம்.

பதிவேட்டை அவர் முன்னால் விரித்து வைத்துச் சொன்னேன். அவர் கத்தவில்லை. "சரிபார்த்தவர் இடத்துல இது யார் கையெழுத்து?"ன்னு கேட்டார். "என்னோடதுதான் சார்." "பரிசோதித்தவர்?" "அதுவும்தான் சார்." கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "உன்னை நம்பித்தானேம்மா அந்த மீட்டர் அறைச் சாவியைக் கொடுத்தேன்"ன்னார். திட்டியிருக்கலாம்.

அன்றைக்கு என் கையால் போன அறிக்கைகள் பதினான்கு. எடுத்து வைத்திருந்த மிச்ச மண்ணைத் திரும்பக் குலுக்கிப் பார்த்தோம். பதினான்கில் ஐந்து உப்பு மண். நீங்கள் சொன்ன அந்த இரண்டு பேர் மண்ணும் அந்த ஐந்தில் இருக்கிறது. அதாவது, மூன்று தோட்டத்திலும் ஒரே மாதிரி கருகியதற்குக் காரணம் அவர் மரம் இல்லை, நான் எழுதிய ஒரு பக்கம். எல்லாருக்கும் திருத்திய அறிக்கையோடு, தவறு எப்படி நடந்தது என்ற குறிப்பும் போகிறது. என் பெயர் போட்டுத்தான் போகிறது. ஜூன் மாதத்துக்கு மேல் எனக்கு வேலை இல்லை. அதைப் பற்றி நீங்கள் எதுவும் எழுத வேண்டாம்.

யார் போய்ச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். நான்தான் சொல்ல வேண்டும். அது தெரிகிறது. ஆனால் அண்ணி, முதலில் நீங்கள் சொல்லிவிடுகிறீர்களா? பிறகு நான் வருகிறேன். அவர் கத்தி முடித்த பிறகு வருகிறேன் என்றுதான் இதற்கு அர்த்தம். தெரிந்தேதான் கேட்கிறேன்.

திருத்திய தாளை இத்துடன் வைத்திருக்கிறேன்.

நாத்தனார்


மே 30

அடி பயந்தாங்கொள்ளி,

போய்ச் சொல்லிவிட்டேன்.

முதலில் வாசலில் சொன்னதை வாசலிலேயே திருப்பி வாங்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமையே போனேன். அன்றைக்கு நாற்பது பேர் நின்ற இடத்தில் மூன்று பேர் நின்றார்கள். அதில் ஒருவர் வழி கேட்க வந்தவர். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இவர் கன்னுல குத்தம் இல்ல, என் மண்ணுலதான் குத்தம். நான் சொன்னது பொய்யாப் போச்சு"ன்னு சத்தமாகச் சொன்னேன். திட்டும்போது அருவியாகக் கொட்டிய வாய் இதற்குத் திக்கியது. வழி கேட்க வந்தவர்தான் உற்றுக் கேட்டார். மற்ற இரண்டு பேர் தொட்டிச் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு நர்சரிக்காரரிடம் தாளைக் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். நீ ஏப்ரல் பத்திலேயே கண்டுபிடித்ததை மட்டும் சொல்லவில்லை. உன்னைக் காப்பாற்றத்தான், வேறென்ன. அவர் நின்றபடியே கேட்டார். எட்டரை எங்கிருந்து வந்தது என்று கேட்டார், தெரிந்த வரைக்கும் சொன்னேன். தரையில் ஒரு குச்சியால் தானே பெருக்கிப் பார்த்தார். விடை வந்ததும் காலால் அழித்துவிட்டார்.

கத்துவார் என்று பார்த்தேன். கத்தினால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். "நீங்க வந்து சொன்னதே பெருசும்மா"ன்னார். அதைக் கேட்டதும் எனக்குக் கூசிப் போயிற்று. காலில் விழுந்திருப்பேன், வழி கேட்க வந்தவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

கிளம்பும்போது ஒன்று சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன். "உங்க நாத்தனாரை ஒரு தடவை வரச் சொல்லுங்க. எங்கிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம். என் வீட்டுக்காரிகிட்ட சொல்லச் சொல்லுங்க. மரத்தை வெட்டாதீங்க, மரம் நல்லாத்தான் இருக்குன்னு தலையில அடிச்சுக்கிட்டா. உனக்கு என்ன தெரியும்னு கேட்டுட்டேன். அன்னையிலேருந்து எங்கிட்ட பேசறதில்ல. நான் போய் நீ சொன்னதுதான் சரின்னு சொல்ல, எனக்கு வாய் வரல."

வேலையைப் பற்றி எழுத வேண்டாம் என்றாய், எழுதவில்லை. உன் அண்ணன் வந்திருக்கிறார். எல்லாம் சொன்னேன். "நான் சொன்னேன்ல"ன்னு ஒரு வார்த்தை சொல்லவில்லை, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வடிகால் வெட்டப் போய்விட்டார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருக்கிறது, எரிச்சலாகவும் இருக்கிறது.

நீ வா. இங்கே தங்கிக்கொண்டு போகலாம்.

அண்ணி


ஜூன் 8

அண்ணி,

வந்தேன், போய்விட்டேன். உங்கள் வீட்டுக்கு வராமல் அப்படியே பஸ் ஏறியதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அதற்கு மேல் யார் முகத்தையும் பார்க்க என்னால் முடியவில்லை.

நான் போனபோது நர்சரிக்காரர் வீட்டில் இல்லை. அவர் மனைவி நர்சரியில் பாலித்தீன் பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தார். மரங்கள் இருந்த இடத்தில் ஒன்பது குழி, சரியாக மூடக்கூட இல்லை. நான் யார் என்று சொன்னேன். கையைக்கூடத் துடைக்காமல் அப்படியே உட்கார்ந்து கேட்டார். புள்ளி ஒன்பது, எட்டரை, இரண்டு கையெழுத்து என்று எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் மரத்தில் நோயே கிடையாது, நீங்கள் சொன்னதுதான் சரி என்றேன்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும். தினம் தண்ணி ஊத்தினவ நானு"ன்னார். பிறகு, "உனக்கு எப்பத் தெரியும்?"ன்னு கேட்டார்.

நீங்கள் நர்சரிக்காரரிடம் சொல்லாமல் விட்டதை நான் சொல்ல வேண்டியதாயிற்று. ஏப்ரல் பத்து என்றேன். அந்த அம்மா மண் ஒட்டிய விரலை மடக்கி மடக்கி எண்ணினார். "வெட்டினது ரெண்டாந்தேதி. இருபத்திரண்டு நாள். கணக்குல மறந்தது தப்புதான், யாருக்கும் வரும். இந்த இருபத்திரண்டு நாள் என்னம்மா பண்ணின?"

"பயந்துக்கிட்டு இருந்தேன்க்கா"ன்னு சொன்னேன்.

"இங்கேயும் அதேதான். பயந்துதான் வெட்டினாரு"ன்னு சொல்லிவிட்டுத் திரும்பவும் பைக்கு மண் அள்ள ஆரம்பித்தார். நான் எழுந்தேன். "எங்க கிளம்பற? அவரு வரட்டும். வந்ததும் அவரு முன்னாடி இதே மாதிரி சொல்லிட்டுப் போ"ன்னார்.

தன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அவரே சொல்லி அனுப்பியிருந்தாரே என்று எனக்குத் தோன்றியது. அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? உட்கார்ந்தேன். சும்மா இருக்க முடியாமல் நானும் பை நிரப்பினேன். இரண்டு மணி நேரம். அந்த அம்மா நான் சரியாக நிரப்பாத பைகளை மட்டும் எடுத்துக் கொட்டி, திரும்ப நிரப்பிக்கொண்டார்.

அவர் சைக்கிளில் வந்தார். என்னைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். சைக்கிளை நிறுத்துவதற்கு அவ்வளவு நேரம் எடுத்தார். நான் நின்றுகொண்டு இரண்டாம் தடவை சொன்னேன். முதல் தடவை வந்த மாதிரி வரவில்லை, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி வந்தது. தேதியை மட்டும் விட்டுவிட்டேன். அண்ணி, அத்தனைக்குப் பிறகும் விட்டுவிட்டேன்.

"தேதியையும் சொல்லு"ன்னார் அந்த அம்மா.

சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்து ஏதாவது கேட்பார் என்று நின்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அந்த அம்மாவும் என்னைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "நீ சொன்ன. நான்தான் கேக்கல"ன்னார். மிகவும் மெதுவாகச் சொன்னார். முன்பின் தெரியாத ஒருத்தி எதிரில் நிற்க, மனைவியிடம் அதைச் சொல்ல வேண்டி வந்தது அவருக்கு. தனியாக இருக்கும்போது வாய் வராதவர்.

அந்த அம்மா எழுந்து உள்ளே போய் அவருக்கு ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் குடித்தார். எனக்கும் வேண்டுமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றேன்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். அந்த வார்த்தை கடைசிவரை வரவில்லை. கேட்டிருந்தால் அவர்கள் கொடுத்திருப்பார்கள். அதுதான் பயமாக இருந்தது. கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். கேட் வரைக்கும் அவர் கூட வந்தார், தாழ்ப்பாளை எனக்காகத் திறந்துவிட்டார். அப்போதும் நிமிரவில்லை. தலை குனிய வேண்டியவள் நான். அவர் குனிந்துகொண்டு நின்றார்.

நாத்தனார்